வராதவர்களையும் கணக்கில் கொள்ளும் பூங்காத் துறை: ஒரு நடைமுறை வழிகாட்டி

ஒரு நகரத்தின் பூங்கா மற்றும் பொழுதுபோக்குத் துறையில் புதிதாகப் பொறுப்பேற்பவர் கைக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு சொத்துப் பட்டியல். எத்தனை பூங்காக்கள், எத்தனை திடல்கள், எத்தனை சமூகக் கூடங்கள், நீச்சல் குளம் உண்டா, கருவிகள் எந்த ஆண்டு வாங்கப்பட்டவை என்ற விவரங்கள் அதில் இருக்கும். அந்தப் பட்டியல் அவசியம்தான். ஆனால் துறையின் பணி என்ன என்பதை அது சொல்லாது. நிலத்தையும் கட்டடத்தையும் மரத்தையும் காப்பது பணியின் ஒரு பாதி. நகரத்தில் வாழும் எவரும் அந்த இடத்தைத் தமதென்று நினைத்து உள்ளே வரும் நிலையை உண்டாக்குவது மறுபாதி. கடினமான பாதியும் அதுவே.

இந்த வழிகாட்டி துறை அலுவலர்களுக்காகவும், அவர்களோடு சேர்ந்து உழைக்கும் நகரமன்ற உறுப்பினர்களுக்கும் குடியிருப்போர் சங்கத்தினருக்குமாகவும் எழுதப்படுகிறது. இதில் வரும் எல்லா வேலைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: பூங்காவுக்கு யார் வரவில்லை, ஏன் வரவில்லை? வருபவர்கள் தங்கள் தேவையைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். விளக்கு எரியாவிட்டால் புகார் கொடுப்பார்கள், திடலுக்கு முன்பதிவு கேட்பார்கள், கூட்டம் கூட்டினால் முன்வரிசையில் அமர்வார்கள். வராதவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கேட்பவர்களுக்கு மட்டும் செய்துகொண்டே போகும் துறை, எவ்வளவு நேர்மையாக உழைத்தாலும், சில ஆண்டுகளில் நகரத்தின் ஒரு சிறு பகுதியினருக்கான துறையாகச் சுருங்கிவிடும்.

இத்துறையின் வரலாற்றில் இரண்டு மரபுகள் வந்து கலந்திருக்கின்றன. 1847-இல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில், ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த பூங்கா திறக்கப்பட்டது. பொதுப் பணத்தில் பொதுமக்களுக்கென்றே அமைக்கப்பட்ட தொடக்ககாலப் பூங்காக்களுள் அது முக்கியமானது. 1885-இல் பாஸ்டன் நகரில், பெர்லினில் இருந்த வழக்கத்தைப் பின்பற்றி, நெரிசலான பகுதிக் குழந்தைகள் விளையாடுவதற்காக மணற்குவியல்கள் கொட்டப்பட்டன. மருத்துவர் மேரி சக்ரெவ்ஸ்கா அதற்குத் தூண்டுதலாக இருந்தார். முதல் மரபு நல்ல இடத்தை உருவாக்கியது. இரண்டாவது மரபு, அந்த இடத்தில் யார், என்ன செய்யப் போகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கியது. இரண்டும் ஒரே துறையின் கீழ் இருப்பதற்குக் காரணம் உண்டு என்பதைப் பொறுப்பில் இருப்பவர் நினைவில் வைத்திருப்பது நல்லது.

நடைத் தூரத்தை வரைபடமாக்குதல்

முதல் வேலை வரைபடம். நகர வரைபடத்தில் பூங்காக்களைக் குறித்து, ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போடுவது பலரும் செய்வது. அந்த வட்டம் ஏமாற்றும். பூங்காவின் மதிலுக்கு அடுத்த வீட்டில் இருப்பவர்கூட, வாயில் எதிர்ப்பக்கத்தில் இருந்தால், அரை கிலோமீட்டர் சுற்றி வரவேண்டியிருக்கும். நடுவில் கடக்க முடியாத அகலச் சாலையோ ரயில் பாதையோ கால்வாயோ இருந்தால், தாளில் 200 மீட்டர் என்று தெரிவது குழந்தையோடு நடப்பவருக்கு எட்டாத தூரம். ஆகவே வாயிலிலிருந்து தொடங்கி, உண்மையில் நடக்கக்கூடிய தெருக்களின் வழியே அளந்து வரையுங்கள்.

எந்த அளவை இலக்காகக் கொள்வது? உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 300 மீட்டருக்குள், அதாவது ஏறத்தாழ ஐந்து நிமிட நடையில், குறைந்தது 0.5 முதல் 1 ஹெக்டேர் அளவுள்ள பசுமை வெளி இருக்கவேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பல நகரங்கள் பத்து நிமிட நடை என்ற அளவைக் கைக்கொள்கின்றன. எந்த எண்ணைத் தேர்ந்தாலும், அதை நகரம் முழுவதற்கும் ஒரே மாதிரி பொருத்துங்கள். பிறகு அந்த வரைபடத்தின் மேல் மக்கள் நெருக்கம், குழந்தைகளும் முதியோரும் அதிகம் வாழும் பகுதிகள், வீட்டோடு திறந்தவெளி இல்லாத குடியிருப்புகள் ஆகியவற்றைப் பதியவையுங்கள். எங்கே தேவை அதிகமாகவும் எட்டும் தூரத்தில் இடம் குறைவாகவும் இருக்கிறதோ, அங்கே அடுத்த ஆண்டின் பணம் முதலில் போகவேண்டும்.

நெருக்கமான பகுதியில் புதிய நிலம் கிடைக்காது என்பது வழக்கமாகக் கேட்கும் பதில். பெரிய நிலம் கிடைக்காதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆம்ஸ்டர்டாமில் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக், 1947-இல் தொடங்கிச் சில பத்தாண்டுகளில், கட்டடங்களுக்கு இடையே கிடந்த வெற்று மனைகள், தெருமுனைகள், அகன்ற நடைபாதைகள் ஆகியவற்றில் 700-க்கும் மேற்பட்ட சிறு விளையாட்டிடங்களை அமைத்தார். ஒரு மணல் தொட்டி, சில உலோக வளைவுகள், தாண்டி விளையாடும் கற்கள், ஓர் இருக்கை என்ற அளவில் இருந்தவை அவற்றில் பல. ஒரு பெரிய பூங்காவுக்காகப் பத்து ஆண்டு காத்திருப்பதைவிட, தெருவுக்குத் தெரு சிறிய இடங்களைத் திறப்பது பல குடும்பங்களுக்கு உடனே உதவும் என்பதே என் உறுதியான எண்ணம். பள்ளி மைதானங்களை மாலையிலும் விடுமுறையிலும் பொதுமக்களுக்குத் திறக்க ஒப்பந்தம் செய்துகொள்வதும் அதே வகையில் விரைவான வழி. அந்த ஒப்பந்தத்தில் பூட்டைத் திறப்பவர் யார், குப்பையை அகற்றுபவர் யார், விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் தெளிவாக்கிவிடுங்கள். பெரும்பாலும் இவற்றில் ஏதேனும் ஒன்றில்தான் ஏற்பாடு முறிகிறது.

எண்ணிப் பார்த்தல், தேடிச் சென்று கேட்டல்

பூங்காவில் ஒரு நாளில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற மொத்த எண்ணிக்கை அதிகம் பயன்படாது. யார், எந்தப் பகுதியில், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தெரியவேண்டும். இதற்கு 'சோபார்க்' என்று அறியப்படும், அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கிய ஓர் எளிய முறை இருக்கிறது. பூங்காவைத் திடல், நடைபாதை, கருவிகள் உள்ள இடம், புல்தரை என்று சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் காலை, நண்பகல், பிற்பகல், மாலை என்று குறித்த நேரங்களில் ஒவ்வொரு பகுதியையும் இடமிருந்து வலமாக ஒருமுறை பார்வையால் வருடி, அந்தக் கணத்தில் அங்கிருப்பவர்களின் பாலினம், ஏறத்தாழ வயதுப் பிரிவு, அமர்ந்திருக்கிறார்களா நடக்கிறார்களா ஓடியாடுகிறார்களா என்பதைக் குறிக்கிறார். பெயரோ படமோ தேவையில்லை. வாரநாள்களிலும் வார இறுதியிலும் இதைச் செய்தால், அலுவலகத்தில் இருந்தபடி யூகிக்க முடியாத பல செய்திகள் தெரியவரும்.

வியன்னா நகரத்தின் அனுபவம் இதற்குச் சிறந்த சான்று. 1990-களின் நடுப்பகுதியில் அங்கே நடத்தப்பட்ட ஆய்வு, ஒன்பது வயதைத் தாண்டிய சிறுமிகள் பூங்காக்களிலிருந்து வேகமாகக் குறைந்துபோவதையும், சிறுவர்களின் எண்ணிக்கை அப்படிக் குறையாததையும் காட்டியது. பெரிய திறந்த திடலில் இடத்துக்குப் போட்டி வந்தால், சிறுமிகள் போட்டியிடாமல் விலகிவிடுகிறார்கள் என்பது காரணமாகக் கண்டறியப்பட்டது. 1999-இல் அந்நகரின் ஐந்தாவது மாவட்டத்தில் இரண்டு பூங்காக்கள் மாற்றியமைக்கப்பட்டன: கூடுதல் நடைபாதைகள் வந்தன, பெரிய வெளிகள் செடிகொடிகளால் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டன, ஒரே நேரத்தில் பல குழுக்கள் தனித்தனியே விளையாட வழி ஏற்பட்டது. சிறுமிகள் திரும்பி வந்தார்கள். 'பெண்கள் உள்ளே வரக்கூடாது' என்று யாரும் பலகை வைக்கவில்லை. ஒரே ஒரு பெரிய திடல் என்ற அமைப்பே அவர்களை வெளியே நிறுத்தியிருந்தது. எண்ணாமல் விட்டிருந்தால் இது எவர் கண்ணிலும் பட்டிருக்காது.

எண்ணிக்கை 'யார் இல்லை' என்பதைச் சொல்லும். 'ஏன் இல்லை' என்பதைக் கேட்டுத்தான் அறியமுடியும். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் அறிவித்துவிட்டுக் காத்திருந்தால், அந்த நேரத்தில் ஓய்வாக இருப்பவர்களும், பொதுக்கூட்டத்தில் பேசிப் பழகியவர்களும் வருவார்கள். ஆகவே நீங்கள் செல்லுங்கள்: பள்ளி விடும் நேரத்தில் வாயிலுக்கு, மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்துக்கு, பேருந்து நிறுத்தத்துக்கு, முதியோர் இல்லத்துக்கு, மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளுக்கு. கேட்கும் கேள்வியிலும் கவனம் வேண்டும். 'பூங்காவில் என்ன வேண்டும்?' என்றால் ஊஞ்சல், நீரூற்று என்று பழகிய பட்டியல்தான் வரும். 'கடைசியாகப் பூங்காவுக்குப் போக நினைத்துப் போகாமல் விட்டது எப்போது, எதனால்?' என்று கேட்டால் உண்மையான தடை வெளிப்படும். சாலையைக் கடக்கப் பயம், கழிப்பறை பூட்டியிருக்கிறது, தெரு விளக்கு இல்லை, ஒரு கூட்டம் எப்போதும் வாயிலில் நிற்கிறது, தம்பியையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பதில்கள் வரும். இவற்றில் பலவற்றைத் தீர்க்கப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. கேட்டுச் சென்ற பிறகு, என்ன செய்யப்பட்டது, எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பதை அதே மக்களிடம் அதே இடத்தில் திரும்பச் சென்று சொல்லுங்கள். இந்த இரண்டாவது பயணத்தைச் செய்யாத துறையிடம் அடுத்த முறை மக்கள் மனம் திறந்து பேசமாட்டார்கள்.

நிழல், இருக்கை, கழிப்பறை

பூங்கா என்றதும் மலர்ப்படுகைகளும் நீரூற்றுகளும் நினைவுக்கு வருகின்றன. ஒருவர் அங்கே பத்து நிமிடம் இருப்பாரா இரண்டு மணி நேரம் இருப்பாரா என்பதை முடிவு செய்வன வேறு. திறந்திருக்கும் சுத்தமான கழிப்பறை, குடிநீர், நிழலில் இருக்கை ஆகிய மூன்றும் இல்லாத பூங்காவுக்கு முதியவர்கள், கருவுற்ற பெண்கள், கைக்குழந்தையோடு இருப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோர் வருவது அரிது. கழிப்பறை அசுத்தமாகிறது என்பதற்காக அதைப் பூட்டிவிடுவது துறைகள் எடுக்கும் முடிவுகளிலேயே மிகவும் தீங்கானது என்று நான் கருதுகிறேன். சுத்தம் செய்வதை நாளுக்கு ஒரு தடவையிலிருந்து மூன்று தடவையாக உயர்த்த ஆகும் செலவை, ஒரு நீரூற்றின் பராமரிப்புச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இருக்கைகளுக்கு முதுகுச் சாய்வும் கைப்பிடியும் இருக்கட்டும். மூட்டு வலியுள்ளவர் எழுந்திருக்கக் கைப்பிடிதான் துணை. நீண்ட நடைபாதையில் இருக்கைகளை நெருங்கிய இடைவெளியில் வையுங்கள். அடுத்த இருக்கை கண்ணுக்குத் தெரிந்தால்தான் தளர்ந்தவர் எழுந்து நடக்கத் துணிவார். நியூயார்க்கின் பொதுவெளிகளைப் பல ஆண்டுகள் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் ஒய்ட், மக்கள் உட்கார இடம் உள்ள இடத்தில்தான் உட்காருகிறார்கள் என்ற எளிய உண்மையை நிறுவினார். நகர்த்தக்கூடிய நாற்காலிகளை அவர் வலியுறுத்தினார். 1992-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட அந்நகரின் பிரையண்ட் பூங்கா அந்த யோசனையின் பலனை இன்றும் காட்டுகிறது. நிழலுக்கும் வெயிலுக்கும், தனிமைக்கும் கூட்டத்துக்கும் ஏற்ப நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள முடிவது, இந்த இடம் என்னுடையது என்ற உணர்வைத் தருகிறது.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1-க்கு 12 என்ற சரிவைத் தாண்டக்கூடாது. அதாவது ஒரு பங்கு உயர, குறைந்தது பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். சாய்தளம் சரியாக இருந்து, அதன் முடிவில் இருசக்கர வாகனங்களைத் தடுக்க வைத்த குறுக்குக் கம்பி சக்கர நாற்காலியையும் தடுத்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. வாயிலிலிருந்து கழிப்பறை வரை, கழிப்பறையிலிருந்து விளையாட்டுக் கருவி வரை, ஒரு சக்கர நாற்காலிப் பயனரை உடன் அழைத்துச் சென்று சோதித்துப் பார்க்காமல் எந்தப் பணிக்கும் நிறைவுச் சான்று கொடுக்காதீர்கள்.

விளக்குகளைப் பொறுத்தவரை, பளிச்சென்ற சில விளக்குகளைவிட, சீராகப் பரவும் மிதமான ஒளி பாதுகாப்பானது. கூசும் விளக்குக்கு அப்பால் உள்ள இருட்டில் நிற்பவரைக் கண் காணாது. இரவில் ஆள் நடமாட்டமே இல்லாத ஒதுக்குப்புறப் பாதைக்கு விளக்குப் போடுவது, அது பாதுகாப்பான வழி என்ற தவறான நம்பிக்கையைத் தரக்கூடும். அதைவிட, மக்கள் உண்மையில் பயன்படுத்தும் பாதையை முழுமையாக ஒளியூட்டுங்கள்.

விளையாட்டுக் கருவிகள்

குழந்தைகள் விளையாடும் இடத்தில் கடுமையான காயங்களுக்குப் பெரும்பாலும் காரணமாவது கீழே விழுவதுதான். ஆகவே கருவியை வாங்கும் முன் தரையை முடிவு செய்யவேண்டும். சிமெண்ட், தார், இறுகிய மண் ஆகியவை கருவிகளின் கீழ் இருக்கவே கூடாது; புல்லும் போதாது, ஏனென்றால் மிதிபட்டு அது விரைவில் இறுகிய மண்ணாகிவிடும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்படி, ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பிய மரச்சில்லு சுமார் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதையும், அதே ஆழத்து மணல் சுமார் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதையும் தாங்கும். உயரமான ஏணிக்குக் கீழே மணலைப் போட்டுவிட்டுப் பாதுகாப்பு முடிந்தது என்று இருப்பது எவ்வளவு தவறு என்பதை இந்த வேறுபாடு காட்டும். நிரப்பிய பொருள் காலப்போக்கில் அமுங்கும், ஊஞ்சலின் கீழும் சறுக்கு மரத்தின் முடிவிலும் குழியாகும். தாங்குகால்களில் நிரப்பு மட்டத்தை ஒரு கோடாக வரைந்துவைத்தால், காலையில் வரும் பணியாளர் ஒரு பார்வையிலேயே குறைவைக் கண்டு வாரிச் சமன் செய்துவிடுவார்.

நிலையான கருவியைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 1.8 மீட்டர் வரை இந்த மென்தரை பரவியிருக்கவேண்டும். ஊஞ்சலுக்கு இது போதாது: முன்னும் பின்னும், ஊஞ்சல் தொங்கும் புள்ளியின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரம் வெறுமையாக விடப்படவேண்டும். கம்பிகளுக்கு இடையிலான திறப்புகளில் 9 முதல் 23 சென்டிமீட்டர் வரையிலானவை ஆபத்தானவை. சிறு குழந்தையின் உடல் நுழைந்து, தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது. நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி முனைகள், ஆடையின் நாடா சிக்கும் இடுக்குகள், தேய்ந்த சங்கிலிக் கொக்கிகள் ஆகியவற்றைப் பார்க்கப் பணியாளருக்குப் பயிற்சி கொடுங்கள். வெயிலில் உலோகச் சறுக்கும், ரப்பர் தரையும் தோலைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும்; நிழல் இல்லாத இடத்தில் இவற்றை அமைத்தால், பகலின் பெரும்பகுதி அந்தக் கருவி பயனற்றுக் கிடக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் தனித்தனி இடமும், இரண்டையும் ஒருசேரப் பார்க்கும்படி பெரியவர்களுக்கு இருக்கையும் வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை அவசியம். காயமே ஏற்படக்கூடாது என்று எல்லாக் கருவிகளையும் தாழ்த்திவிட்டால், பத்து வயதுக் குழந்தை சலிப்படைந்து மதில்மேலும் சாலையிலும் விளையாடப் போய்விடும். ஏறலாமா வேண்டாமா என்று குழந்தையே கண்டு முடிவு செய்யக்கூடிய உயரம் ஒரு சவால். குழந்தையின் கண்ணுக்குத் தெரியாத தளர்ந்த கொக்கி ஓர் ஆபத்து. முன்னதைக் காப்பாற்றி, பின்னதை அகற்றுவதே துறையின் கடமை. 1943-இல் கோபன்ஹேகன் அருகே எம்ட்ரப்பில், நிலத்தோற்றக் கலைஞர் சோரன்சனின் யோசனைப்படி, பலகைகளும் கயிறுகளும் கருவிகளும் கொடுத்துக் குழந்தைகளே தங்கள் விளையாட்டிடத்தைக் கட்டிக்கொள்ளும் திடல் தொடங்கப்பட்டது. அங்கே உடன் இருந்து கவனிக்க ஒரு பெரியவர் அமர்த்தப்பட்டார். கவனிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தால் குழந்தைகளுக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுக்கமுடியும் என்பதை அது காட்டியது.

நிகழ்ச்சிகளும் நீச்சல் குளமும்

பயிற்சி வகுப்பு, விளையாட்டுக் குழு, விடுமுறை முகாம், முதியோர் உடற்பயிற்சி போன்ற நிகழ்ச்சிகளில் துறை கவனிக்கவேண்டியது, கட்டணமும் பதிவு முறையும் யாரை வடிகட்டுகின்றன என்பதை. இணையத்தில் மட்டும் பதிவு திறந்தால், விரைவான இணைப்பும் ஓய்வும் உள்ளவர்கள் சில நிமிடங்களில் இடங்களை நிரப்பிவிடுவார்கள். இடங்களில் ஒரு பங்கை நேரிலும் தொலைபேசியிலும் பதிவதற்கு ஒதுக்குங்கள். கட்டணச் சலுகை கேட்பவர் வரிசையில் நின்று தம் வறுமையை உரக்க விளக்கவேண்டிய நிலை இருந்தால், சலுகை காகிதத்தில்தான் இருக்கும். அரசின் வேறொரு உதவித் திட்டத்தில் ஏற்கெனவே தகுதி பெற்றவர்களுக்கு, மறுபடி ஆவணம் கேட்காமல் சலுகை வழங்குவது மதிப்பான முறை.

பதின்பருவத்தினரைப் பெரும்பாலான துறைகள் தொந்தரவாகவே பார்க்கின்றன. பூங்கா விதிப்பலகைகளைப் படித்தால் அவை அவர்களை நோக்கியே எழுதப்பட்டவை என்று தோன்றும். அவர்களிடம் ஒரு சிறு நிதியையும் ஒரு மாலைப் பொழுதையும் ஒப்படைத்து, நிகழ்ச்சியை அவர்களே திட்டமிடச் செய்யுங்கள். துறையிலிருந்து ஒருவர் உடனிருந்து உதவினால் போதும்.

இடமே இல்லாதபோதும் நிகழ்ச்சியால் இடத்தை உருவாக்கமுடியும் என்பதற்கு, 1974-இல் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் தொடங்கிய 'சிக்லோவியா' சான்று. ஞாயிறுகளிலும் விடுமுறைகளிலும் காலை முதல் பிற்பகல் வரை நகரத்தின் முக்கியச் சாலைகள் மோட்டார் வாகனங்களுக்கு மூடப்பட்டு, நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் திறக்கப்படுகின்றன. இன்று அது 100 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு நடைபெறுகிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமும் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பயிற்சிக்கூடத்துக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் அந்த நிமிடங்களை எங்கே பெறுவார்கள் என்பதற்குப் பதில் சொல்லவேண்டிய துறை இது.

நீச்சல் குளம் உள்ள நகரங்களில் உயிர்காப்பாளர் பணியைத் தனியாகக் குறிப்பிட்டாக வேண்டும். நீரில் மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை, கையசைப்பதுமில்லை. மூச்சு விடவே போராடுபவரால் குரலெழுப்ப முடியாது. ஆகவே கண்காணிப்பு ஒன்றே உயிர்காப்பாளரின் வேலையாக இருக்கவேண்டும். அதே நேரத்தில் அவரிடம் சீட்டுச் சரிபார்ப்பு, தரை துடைப்பு, வகுப்பு நடத்துதல் ஆகியவற்றைக் கொடுப்பது உயிரோடு விளையாடுவது. கவனம் மங்காதிருக்க, குறுகிய இடைவெளியில் அவர்களை மாற்றி மாற்றி அமர்த்துங்கள். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.0 முதல் 7.8-க்குள்ளும், கிருமிகளைக் கொல்ல நீரில் எஞ்சியிருக்கும் கட்டற்ற குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 1 மில்லிகிராமும் இருக்கிறதா என்று நாளில் பலமுறை சோதித்து, முடிவைப் பொதுமக்கள் காணும் பலகையில் எழுதிவையுங்கள். குழந்தைகளோடு பணியாற்றும் எவரையும், தன்னார்வலர் உட்பட, பின்னணி விசாரிக்காமல் சேர்க்காதீர்கள்; ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனித்திருக்கும் சூழல் எந்த நிகழ்ச்சியிலும் வரக்கூடாது.

மரமும் மழைநீரும்

மரக்கன்று நடும் விழாக்கள் எளிது. நட்ட கன்றுக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தண்ணீர் ஊற்றுவதில்தான் மரத்தின் ஆயுள் இருக்கிறது. எத்தனை கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளும் வண்டியும் உள்ளனவோ அத்தனையை மட்டும் நடுங்கள். மரத்தடி மண்ணை மூட இலைதழை, மரச்சில்லு போன்றவற்றால் மூடாக்கு இடும்போது அதைத் தண்டோடு சேர்த்துக் குவிக்காமல் சற்று விலக்கிப் பரப்பவேண்டும். ஈரம் ஒட்டிக்கொண்டால் பட்டை அழுகும். கவாத்து செய்பவர், அதாவது கிளைகளை வெட்டிச் சீர்செய்பவர், கிளை தண்டோடு சேரும் இடத்தில் உள்ள வளையம் போன்ற புடைப்பை வெட்டாமல் அதற்கு வெளியே வெட்டவேண்டும்; காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளர்கிறது. நகரத்தின் மரங்களில் ஒரே இனம் 10 விழுக்காட்டையும், ஒரே பேரினம் 20 விழுக்காட்டையும், ஒரே குடும்பம் 30 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது என்று 1990-இல் அமெரிக்க மர ஆய்வாளர் ஃபிராங்க் சந்தாமூர் முன்வைத்த விதி, ஒரு நோயால் தெருக்கள் முழுதும் வெறிச்சோடிப் போவதைத் தடுக்கப் பயன்படுகிறது.

பூங்கா மழைநீரையும் ஏந்தவேண்டும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2013-இல் திறக்கப்பட்ட பெந்தெம்பிளைன் சதுக்கம், உலர்ந்த நாள்களில் விளையாட்டுத் திடலாகவும் அமரும் படிகளாகவும் இருந்து, கனமழையில் நீரைத் தேக்கி மெல்ல வடியவிடுகிறது. வெள்ளத்தடுப்புக்கான நிதியிலிருந்து விளையாட்டிடம் பெற இது ஒரு வழி என்பதால், வடிகால் பொறியாளர்களோடு தொடக்கத்திலேயே பேசுங்கள்.

பணம், பராமரிப்பு, புகார்

புதிய பூங்காவைத் திறக்க நிதி கிடைத்துவிடும். அடுத்த இருபது ஆண்டுகள் அதைப் பேண நிதி கிடைப்பது கடினம். எந்தத் திட்டத்துக்கும் ஒப்புதல் கேட்கும் கோப்பிலேயே, ஆண்டுப் பராமரிப்புச் செலவு, தேவைப்படும் பணியாளர் எண்ணிக்கை, கருவிகளை மாற்றவேண்டிய ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். தன்னார்வலர்கள் வந்து உதவுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் தோட்டப் பணியாளரின் இடத்தை நிரப்ப அவர்களைக் கணக்கில் வைத்தால், தன்னார்வலர் கிடைக்கும் வசதியான பகுதிகள் மட்டுமே செழிக்கும். திடல்களைத் தனியார் நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடுவதாக இருந்தால், ஆண்டில் எத்தனை நாள், எந்தப் பகுதி என்ற உச்சவரம்பை முன்கூட்டியே அறிவியுங்கள். பூங்கா மேம்படும்போது சுற்றுப்புறத்தில் வாடகை உயர்ந்து, யாருக்காக அது மேம்படுத்தப்பட்டதோ அவர்களே வெளியேற நேர்வதும் உண்டு. வீட்டுவசதித் துறையோடு பேசவேண்டிய நேரம் அடிக்கல் நாட்டுவதற்கு முன்பு.

புகார்களைப் பூங்கா வாரியாகப் பதிந்து, ஒவ்வொன்றும் எத்தனை நாளில் தீர்ந்தது என்பதைப் பகுதி வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஆளுக்கு எவ்வளவு செலவிடப்பட்டது என்பதும் அதோடு சேர்ந்து வெளிவரட்டும். அந்தப் பட்டியலில் ஒரு பூங்காவிலிருந்து பல மாதங்களாகப் புகாரே வரவில்லை என்றால், அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று கொள்ளாமல் நேரில் சென்று பாருங்கள்; புகார் கொடுத்துப் பயனில்லை என்று மக்கள் விட்டுவிட்டிருக்கலாம், அல்லது அங்கே வருவதற்கே ஆள் இல்லாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட பூங்காக்களை அடுத்த ஆண்டின் எண்ணிக்கைப் பணியில் முதலில் சேர்த்து, முந்தைய கணக்கெடுப்பு நடந்த அதே பருவத்தில், அதே நேரங்களில், அதே பகுதிப் பிரிவுகளோடு எண்ணும்படி இப்போதே நாள் குறித்துவிடுங்கள்.